ஒரு தீவு, இரு நாடுகள்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழா ஆண்டுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் வாழ்த்துரை வழங்குவது மரபு. ஆனால் செயலாளர் அவர்கள் எனக்கு எழுதிய மடலில், "வாழ்த்துவதற்குப் பலர் வருகிறார்கள், ஐயா அவர்கள் எங்களுக்கு ஒரு பாடம் நடத்த வேண்டும்" என்று கேட்டிருந்தார். முப்பது ஆண்டுகள் புவியியல் கற்பித்தவனுக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கட்டளை வேறில்லை. ஆகவே, இன்று ஒரு தீவைப் பற்றியும், அத்தீவைப் பங்கிட்டுக்கொண்டு வாழும் இரு நாடுகளைப் பற்றியும் பேச விழைகிறேன்.

இத்தலைப்பை எனக்குத் தந்தவன் நம் கழகத்து மாலை வகுப்பு மாணவன் ஒருவன். சென்ற ஆண்டு உலகப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டுக் கரிபியக் கடலைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் எழுந்து, "ஐயா, இந்தச் சின்னத் தீவின் நடுவே ஏன் ஒரு கோடு?" என்று கேட்டான். மேற்கே ஹைட்டி, கிழக்கே டொமினிக்கன் குடியரசு என்றேன். கிழக்கு ஓரளவு வளம் பெற்றது என்றும், மேற்கு வறுமையில் வாடுவது என்றும் கூறினேன். அவன் உடனே, "ஒரே தீவு, ஒரே கடல், ஒரே வெயில். அப்படியானால் மேற்கே இருப்பவர்கள் உழைக்க மாட்டார்களா ஐயா?" என்றான்.

மணி அடித்துவிட்டதால் அன்று நான் விடை கூறவில்லை. மணி அடித்ததில் எனக்குச் சிறிது நிம்மதியும் உண்டு. ஏனெனில் அந்தக் கேள்வி எனக்குப் புதிதன்று. "ஒரே ஊர், ஒரே ஏரி, ஒரே மழை, அவர்கள் மட்டும் ஏன் முன்னேறவில்லை?" என்று நம் தெருவைச் சுட்டிப் பிறர் கேட்டதை என் இளமையில் பன்முறை கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்விக்குள்ளேயே விடையும் பொதிந்திருக்கும்: குற்றம் வாடுகிறவனுடையது என்பதே அவ்விடை. அது சரிதானா என்று ஆராய்வதே இன்றைய பாடம்.

நிலமும் நீரும்

முதலில் நிலத்தைக் காண்போம். இத்தீவின் பெயர் ஹிஸ்பனியோலா. கரிபியக் கடலில் கியூபாவிற்கு அடுத்த பெரிய தீவு இதுவே. பரப்பு ஏறத்தாழ 76,000 சதுர கிலோமீட்டர். அதாவது நம் தமிழ்நாட்டின் பரப்பில் பாதியினும் சற்று மிகுதி. இதில் ஹைட்டிக்கு உரியது 27,750 சதுர கிலோமீட்டர். எஞ்சிய 48,670 சதுர கிலோமீட்டர் டொமினிக்கன் குடியரசுக்கு உரியது. நிலத்தின் அளவு இவ்வாறு வேறுபட்டாலும் மக்கள் தொகை இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு கோடியே பத்து இலட்சத்தை ஒட்டிய மக்கள் வாழ்கின்றனர். ஆகவே ஹைட்டியில் ஒரு சதுர கிலோமீட்டரில் நெருங்கி வாழ்வோர் எண்ணிக்கை கிழக்கைவிட ஏறத்தாழ இருமடங்கு.

தீவின் முதுகெலும்பாக மலைத்தொடர்கள் ஓடுகின்றன. கிழக்கிலுள்ள துவார்த்தே சிகரம் 3,000 மீட்டருக்கு மேற்பட்டது. கரிபியத் தீவுகள் அனைத்திலும் உயர்ந்தது அதுவே. வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து இம்மலைகளில் மோதி மழையைப் பொழிகிறது. அம்மழையில் பெரும்பங்கு கிழக்கிற்கே கிடைக்கிறது. மேற்கே ஹைட்டியின் பல பகுதிகள் மலையின் மறைவில் அமைந்தமையால் மழை குன்றியவை. கோனாயிவ் சமவெளி வறண்ட நிலம். கிழக்கில் சிபாவோ பள்ளத்தாக்கு போன்ற அகன்ற, வளமான சமநிலங்கள் உண்டு. மேற்கில் பெரும்பகுதி செங்குத்தான மலைச்சரிவு. "ஹைட்டி" என்னும் சொல்லுக்கே, அத்தீவின் தொல்குடிகளாகிய தைனோ மக்களின் மொழியில், மலைநாடு என்பதுதான் பொருள்.

நீரும் இரு நாடுகளையும் பிணைக்கிறது. ஹைட்டியின் மிக நீண்ட ஆறாகிய ஆர்த்திபோனித், டொமினிக்கன் மலைகளில் பிறந்து மேற்கே ஓடிவருகிறது. அதன் குறுக்கே 1956-இல் பெலிகிர் அணை கட்டி முடிக்கப்பட்டது. அணையின் நீர் உழவர்களின் வளமான வயல்களை மூழ்கடித்தது. அவர்கள் மேட்டுச் சரிவுகளுக்கு ஏறினர். சரிவில் மரம் குறைய, மண் கரைந்து அணைக்குள்ளேயே வண்டலாகப் படிந்தது. ஒரு நாட்டின் பொருளியலை அறிய விரும்புவோர் அதன் ஆற்றுநீரின் நிறத்தைப் பார்த்தாலே பாதி விளங்கிவிடும்.

நிற்க. இயற்கை ஹைட்டிக்குச் சற்று ஓரவஞ்சனை செய்தது உண்மையே. நிலநடுக்கத்திற்கும் சூறாவளிக்கும் இலக்கான இடம் அது என்பதும் உண்மையே. ஆயினும் முழு விடை நிலத்தில் இல்லை. இதற்கு ஒரே சான்று போதும். பதினெட்டாம் நூற்றாண்டில் உலகிலேயே பெருஞ்செல்வம் ஈட்டித் தந்த குடியேற்ற நாடு எதுவென்று கேட்டால், இன்று வறுமைக்கு உவமை கூறப்படும் இதே மேற்குப் பகுதியைத்தான் வரலாற்றாசிரியர் சுட்டுவர்.

கோடு விழுந்த வரலாறு

1492-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கொலம்பஸ் இத்தீவில் இறங்கினார். அடுத்த சில பத்தாண்டுகளில் தங்கச் சுரங்க வேலையாலும், கொடுமையாலும், புதிய நோய்களாலும் தைனோ மக்கள் ஏறக்குறைய அழிந்தொழிந்தனர். பின்னர் ஸ்பெயினின் கண் மெக்சிகோ, பெரு நாடுகளின் பொன்மேலும் வெள்ளிமேலும் சென்றது. தீவு புறக்கணிக்கப்பட்டது. மேற்குக் கரையில் பிரெஞ்சுக்காரர் குடியேறினர். 1697-இன் ரிஸ்விக் உடன்படிக்கையை ஒட்டி மேற்கு மூன்றிலொரு பகுதி பிரான்சின் கைக்குச் சென்றது. என் மாணவன் கண்ட கோடு இவ்வாறு விழுந்தது. அங்கு வாழ்ந்தவர் எவரும் அதனை இழுக்கவில்லை.

பிரெஞ்சுப் பகுதியின் பெயர் சான்-டொமிங்க். 1780-களில் ஐரோப்பா உண்ட சர்க்கரையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கும், பருகிய காப்பியில் பாதிக்கு மேலும் அங்கிருந்தே சென்றன. அந்த இனிப்பை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியிட்டுக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். எண்ணிக்கை ஏறக்குறைய ஐந்து இலட்சம். அவர்களை ஆண்ட வெள்ளையர் நாற்பதாயிரத்திற்கு மேற்படார். அடிமைகளிற் பலர் வந்த சில ஆண்டுகளுக்குள் மாண்டனர். மாண்டவர் இடத்தில் புதியவர் வாங்கப்பட்டனர். கிழக்கே ஸ்பானியப் பகுதியோ மக்கள் அருகிய மேய்ச்சல் நிலமாக இருந்தது. ஆக, ஒரு பக்கம் மண்ணையும் மனிதரையும் பிழிந்தெடுத்த ஆலை. மறுபக்கம் மறக்கப்பட்ட மேய்ச்சற்காடு. தொடக்கமே இத்துணை வேறுபட்டது.

1791 ஆகஸ்டில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய தூசென் லூவெர்த்தூர், தாமே அடிமையாகப் பிறந்தவர். 1794-இல் பிரெஞ்சு மன்றம் அடிமை முறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் பெரும்படையை அனுப்பி அதனை மீட்க முயன்றான். தூசென் சிறைப்பட்டு, 1803-இல் பிரான்சின் குளிர்மலைக் கோட்டையொன்றில் உயிர் நீத்தார். ஆனால் அவர் தொடங்கிய போர் நிற்கவில்லை. 1803 நவம்பரில் வெர்த்தியே என்னுமிடத்தில் நெப்போலியனின் படை தோற்றது. 1804 சனவரி 1-ஆம் நாள் தெசலீன் விடுதலை அறிவித்தார். அடிமைகள் தம் கையாலேயே தளையை அறுத்து ஒரு நாட்டை அமைத்தது உலக வரலாற்றில் இந்த ஒரு முறைதான். 1805-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம், அடிமை முறை என்றென்றைக்கும் ஒழிந்தது என்று தன் தொடக்கத்திலேயே விதித்தது. தென் அமெரிக்காவின் விடுதலைக்குப் போராடிய பொலிவாருக்கு, அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன், படைக்கலம் தந்து உதவியதும் ஹைட்டியே.

பெரியோர்களே, இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறேன். இத்தகைய செயலைச் செய்த மக்களை உழைக்காதவர் என்று கூற முடியுமா? கோழைகள் என்று கூற முடியுமா? அவ்வாறாயின் வீழ்ச்சி எங்கிருந்து வந்தது?

விடுதலைக்கு விதித்த விலை

1825-ஆம் ஆண்டு பிரான்சின் மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களை ஹைட்டியின் தலைநகர்த் துறைமுகத்திற்கு அனுப்பினார். உங்கள் விடுதலையை ஒப்புக்கொள்கிறோம்; ஆனால் எங்கள் தோட்ட உரிமையாளர் அடைந்த இழப்புக்கு 15 கோடி பிராங்க் ஈடு தரவேண்டும் என்பது செய்தி. அந்த இழப்புக் கணக்கில் நிலம் மட்டுமன்று, விடுதலை பெற்ற மனிதர்களும் உடைமையாக எண்ணப்பட்டனர். அதாவது, அடிமையாக இருந்தவன், தான் அடிமையாக இல்லாமற் போனதற்காகத் தன்னை ஆண்டவனுக்குப் பணம் கட்டவேண்டும்!

முதல் தவணையாகிய 3 கோடி பிராங்கே ஹைட்டி அரசின் ஆண்டு வருவாயைப்போலப் பன்மடங்கு. அதனைக் கட்டப் பாரிஸ் வங்கியாளர்களிடமே கடன் வாங்க நேர்ந்தது. 3 கோடிக்குக் கடன் பத்திரம் எழுதி, 60 இலட்சத்தைக் கழித்துக்கொண்டு, 2 கோடியே 40 இலட்சத்தைக் கையில் தந்தனர். வட்டியை முன்னரே பிடித்துக்கொண்டு கொடுக்கும் கடன் எத்தகையது என்பதை இங்குள்ள எவருக்கும் நான் விளக்க வேண்டுவதில்லை. 1838-இல் ஈட்டுத்தொகை மொத்தம் 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஆயினும் அதற்காக வாங்கிய கடன்களும், அக்கடன்களை அடைக்க வாங்கிய கடன்களும் 1947 வரை தொடர்ந்தன. காப்பி விளைவித்த உழவனிடம் பெற்ற வரி பாரிஸுக்குச் சென்றது. அவன் மலைக்குப் பாதையும், அவன் பிள்ளைக்குப் பள்ளியும் வரவில்லை. 2025 ஏப்பிரலில், இருநூறு ஆண்டுகள் நிறைந்த அன்று, இதனை ஆராய இரு நாட்டு வரலாற்றாசிரியர் அடங்கிய குழுவொன்றைப் பிரான்சின் தலைவர் மக்ரோன் அறிவித்தார். ஆராய்ச்சிக்கே இருநூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

உண்மையை ஒருபக்கமாகக் கூறுதல் ஆசிரியனுக்கு அழகன்று. ஹைட்டியின் ஆளும் வகுப்பாரும் தம் மக்களுக்கு இழைத்த தீங்கு சிறிதன்று. தளபதிகளும் நகரத்துச் செல்வரும் அரசைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர். 1826-இன் ஊரகச் சட்டம் உழவனைத் தோட்டத்தோடு பிணைக்க முயன்றது. நாட்டுப்புற மக்களுக்கு அவர்கள் இட்ட பெயர் "மூன் ஆந்தெயோ" என்பது. அதற்குப் பொருள் "வெளியில் இருப்போர்". நாட்டையே விடுவித்த மக்கள், அந்நாட்டிலேயே வெளியில் இருப்போர் ஆயினர்! ஊர் ஒன்று, அதற்கு வெளியே நாம் ஒன்று என வாழ்ந்தவர்களுக்கு அச்சொல்லின் கனம் தெரியும்.

கிழக்கின் கதை வேறு. 1822-இல் ஹைட்டியின் தலைவர் போயர் கிழக்கையும் தம் ஆட்சிக்குள் கொணர்ந்தார். அங்கும் அடிமை முறையை ஒழித்தார். ஆனால் ஈட்டுக்கடனின் சுமையும் படையாட்சியும் கிழக்கு மக்களைக் கசப்புறச் செய்தன. 1844 பிப்ரவரி 27-இல், துவார்த்தேயின் இயக்கத்தார் ஹைட்டியினின்று பிரிந்து தனிக்குடியரசு அமைத்தனர். ஆகவே டொமினிக்கன் மக்கள் கொண்டாடும் விடுதலை நாள், ஸ்பெயினிடமிருந்தன்று, அண்டை நாட்டிடமிருந்து பெற்ற விடுதலையின் நாள். 1861 முதல் 1865 வரை மீண்டும் ஸ்பெயினின் கீழ்ச் சென்று, போரிட்டு மீண்டனர். இரு நாடுகளிடையே இன்றும் நிலவும் ஐயத்தின் வேர் இங்கே இருக்கிறது.

ஆட்சி முறை

இருபதாம் நூற்றாண்டில் இரு நாடுகளும் அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தன. ஹைட்டி 1915 முதல் 1934 வரை. டொமினிக்கன் குடியரசு 1916 முதல் 1924 வரை. பின்னர் இரண்டிலும் கொடுங்கோலர் தோன்றினர். கிழக்கே துருகீயோ 1930 முதல் 1961 வரை ஆண்டான். மேற்கே துவாலியே தந்தையும் மகனும் 1957 முதல் 1986 வரை ஆண்டனர்.

துருகீயோவின் ஆட்சியில், 1937 அக்டோபரில், எல்லையோரம் வாழ்ந்த ஹைட்டி மக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டிக் கொல்லப்பட்டனர். கொத்துமல்லியைப் போன்றதொரு கீரையைக் காட்டி அதன் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் செய்தார்களாம். நாக்குப் பிறழ்ந்தவர் உயிரிழந்தனர். ஒரு சொல்லை உச்சரிக்கும் முறையைக்கொண்டு மனிதனின் பிறப்பை அளந்த கொடுமை அது. அதே கொடுங்கோலனை எதிர்த்த மிராபால் சகோதரியர் மூவர் 1960 நவம்பர் 25-இல் கொலையுண்டனர். பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிக்கும் நாளாக அந்நாளை ஐக்கிய நாடுகள் அவை 1999-இல் ஏற்றது. தாய்மார்கள் இதனை நினைவிற் கொள்ளவேண்டும்.

இன்றைய அமைப்பை ஒப்பிடுவோம். டொமினிக்கன் குடியரசில் குடியரசுத் தலைவர் நான்காண்டுக்கு ஒருமுறை மக்களால் நேராகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். 32 உறுப்பினர் கொண்ட மேலவையும், 190 உறுப்பினர் கொண்ட கீழவையும் உள்ளன. 1978-இல் ஆட்சியிலிருந்தவர் தோற்று, வென்ற எதிர்க்கட்சியிடம் பொறுப்பை ஒப்படைத்ததிலிருந்து, குறைகள் பலவாயினும் வாக்குச்சீட்டால் ஆட்சி மாறும் வழக்கம் வேரூன்றியது. 2020-இல் வென்ற அபினாதேர் 2024-இல் மீண்டும் வென்றார்.

ஹைட்டியின் 1987-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் தாளில் சிறந்ததொரு சட்டம். ஐந்தாண்டுத் தலைவர், பிரதமர், இரு அவைகள் என அனைத்தும் அதில் உண்டு. ஆனால் 1990 டிசம்பரில் பெரும்பான்மை வாக்கு பெற்ற அரிஸ்டைடை, அவர் பதவியேற்ற எட்டுத் திங்களுக்குள் படை வீழ்த்தியது. 2004-இல் அவர் மறுமுறையும் நீக்கப்பட்டார். 2010 சனவரி 12-இல் நிலநடுக்கம் தலைநகரைத் தரைமட்டமாக்கியது. மாண்டோர் தொகை ஒரு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சம் வரை பலவாறாக மதிப்பிடப்படுகிறது. அதே ஆண்டு, அமைதி காக்க வந்த ஐக்கிய நாடுகள் படையினர் முகாமிலிருந்து வாந்திபேதி பரவி ஏறத்தாழ பத்தாயிரம் உயிர்களைக் கொண்டது. 2021 சூலையில் தலைவர் மொயீஸ் தம் இல்லத்திலேயே கொலையுண்டார். 2016-க்குப் பின் 2025 முடியும்வரை அங்குப் பொதுத் தேர்தலே நடைபெறவில்லை. ஆயுதக் கும்பல்கள் தலைநகரின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டன. 2025-இன் தொடக்கத்தில் வீடிழந்து இடம்பெயர்ந்தோர் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டனர். சட்டம் எழுதுவது ஒன்று. அதனைக் காக்கும் நிறுவனங்களை வளர்ப்பது மற்றொன்று என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டா.

கிழக்கின் சட்டத்திலும் ஒரு கறை உண்டு. இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்து பல்லாண்டு காலம் ஹைட்டி மக்களைக் கரும்பு வெட்டக் கொண்டுவந்தன. அவர்கள் தோட்டத்து வரிசைக் குடியிருப்புகளில் தங்கிப் பிள்ளை பெற்று வளர்த்தனர். 2013 செப்டம்பரில் டொமினிக்கன் அரசியல் சட்ட நீதிமன்றம், 1929-க்குப் பின் முறையான குடியேற்ற ஆவணமின்றி இருந்தோர்க்குப் பிறந்தவர் குடிமக்கள் ஆகார் என்று தீர்ப்பளித்தது. அந்த மண்ணிலேயே பிறந்து, அந்த மொழியையே பேசி வளர்ந்தோர் ஒரே நாளில் நாடற்றோராயினர். 2014-இல் ஒரு சட்டம் இயற்றிச் சிலருக்குப் பரிகாரம் தேடினர். பலருக்கு அது எட்டவில்லை. பாட்டன் எங்குப் பிறந்தான் என்று கேட்டுப் பேரனின் உரிமையை முடிவு செய்வது எந்த நாட்டில் நடந்தாலும், எந்தப் பெயரில் நடந்தாலும், நாம் அதனை இனங்கண்டுகொள்வோம்.

பொருளியல்

1960-ஆம் ஆண்டில் இரு நாடுகளின் தனிநபர் வருமானம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. 2023-இல் டொமினிக்கன் குடியரசில் அது 10,000 டாலரைக் கடந்துவிட்டது. ஹைட்டியில் 2,000 டாலரை எட்டவில்லை. 2019 முதல் 2024 வரை ஹைட்டியின் பொருளியல் ஆண்டுதோறும் சுருங்கியது. ஆக, நாம் காணும் பெரும்பிளவு கடந்த அறுபது ஆண்டுகளில் விளைந்தது. தலைமுறை இரண்டுக்குள் நிகழ்ந்தது. குருதியிலோ குணத்திலோ வேரூன்றிய வேற்றுமையாயின் அஃது இவ்வளவு விரைவில் தோன்றுமா?

கிழக்கு என்ன செய்தது? கரும்பை மட்டும் நம்பியிராமல் வேறு வழிகளும் தேடியது. 1969 முதல் ஏற்றுமதிக்கான தொழில் வளாகங்களை அமைத்தது. கடற்கரைகளைச் சுற்றுலாவிற்குத் திறந்தது. 2023-இல் வந்த பயணிகள் ஒரு கோடி. தங்கச் சுரங்கமும், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் பணமும் துணை நின்றன. 1967-இல் பலாகேர் அரசு மர அறுவை ஆலைகளை மூடியது. பின்னர்ச் சமையல் எரிவாயுவுக்கு மானியம் தந்து விறகின் தேவையைக் குறைத்தது. பலாகேர் கடுமையான ஆட்சியாளர்தாம். ஆயினும் காட்டைக் காத்தமையால் மலைநீர் காக்கப்பட்டது.

மேற்கே, மலைச்சரிவின் மரம் கரியாகி நகரத்து அடுப்புக்குச் சென்றது. வேறு எரிபொருள் வாங்க இயலாத குடும்பம் மரக்கரியைத் தவிர எதனை நாடும்? ஹைட்டியில் மரமே இல்லை என்பது மிகையுரை. ஆனால் மண்ணரிப்பு கொடிது என்பதில் ஐயமில்லை.

உழவனுக்கு நேர்ந்த இரு அடிகளை மட்டும் கூறுகிறேன். முதலாவது: 1978-இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் டொமினிக்கன் குடியரசில் தோன்றி எல்லை தாண்டியது. அமெரிக்காவிற்கும் பரவிவிடும் என்னும் அச்சத்தால், 1980-களின் தொடக்கத்தில் ஹைட்டியின் கருநிற நாட்டுப் பன்றிகள் அனைத்தும் கொல்லப்பட்டன. அப்பன்றி தானே மேய்ந்து வளர்வது, செலவு வைக்காதது. உழவனுக்கு அதுவே சேமிப்பு வங்கி. பள்ளி திறக்கும் பருவத்தில் ஒரு பன்றியை விற்றுத்தான் பிள்ளையின் கட்டணத்தையும் சீருடையையும் புத்தகத்தையும் தாய் வாங்குவாள். ஈடாக வந்த அமெரிக்கப் பன்றிகளோ தீவனமும், தூய நீரும், தளமிட்ட கொட்டிலும் கேட்டன; உழவனுக்கே அவை கிடைப்பதில்லை! ஆட்டுக்குட்டியை விற்றுத் தேர்வுக் கட்டணம் கட்டிய தாய்மார்கள் இம்மண்டபத்திலும் இருக்கிறார்கள். ஒரு நாள் காலையில் அரசாங்கம் வந்து ஊர் ஆடுகளையெல்லாம் கொன்றுவிட்டுச் சென்றால், அடுத்த ஆண்டு வகுப்பறையில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது: 1995-இல் அரிசிமீதான இறக்குமதி வரி நூற்றுக்கு 50-லிருந்து 3 ஆகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மானியம் பெற்று விளைந்த மலிவான அரிசி வந்து குவிந்தது. ஆர்த்திபோனித் பள்ளத்தாக்கின் நெல்லுழவர் விலைபெறாமல் நொடிந்தனர். அதனை வலியுறுத்திய கிளிண்டனே 2010-இல் அது தவறு என்று வெளிப்படையாக வருந்தினார். வருத்தம் வந்தது, வயலை விட்டுத் தலைநகரின் குடிசைக்குச் சென்ற உழவன் திரும்பி வரவில்லை. அந்தக் குடிசைகளின் மீதுதான் அதே ஆண்டு நிலம் நடுங்கியது.

கல்வி

இனி நம் கழகத்துக்கு உரிய பொருளுக்கு வருகிறேன். ஹைட்டியின் வடபகுதியை 1820 வரை ஆண்ட கிறிஸ்தோப், அடிமையாகப் பிறந்தவர். மலையுச்சியில் மாபெருங்கோட்டை எழுப்பிய அம்மன்னர், 1816-இல் இங்கிலாந்திலிருந்து ஆசிரியர்களை வரவழைத்துப் பள்ளிகளும் திறந்தார். அப்பள்ளிகளில் கையாண்ட முறை யாதெனின், மூத்த மாணவன் இளைய மாணவர்க்குப் பாடம் சொல்லும் முறை. நம் திண்ணைப் பள்ளிகளில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். சென்னை எழும்பூரில் இராணுவ அனாதைச் சிறுவர் இல்லத்தை 1790-களில் நடத்திய ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதைக் கண்டு, அதனையும் சட்டாம்பிள்ளை முறையையும் தம் பள்ளியில் அமைத்து, இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். அதனை ஒத்த முறையை லங்காஸ்டர் இலண்டனில் பரப்பினார். அவர் வழிவந்தோரே ஹைட்டிக்குச் சென்றனர். நம் முன்னோரின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடந்தராத திண்ணையில் பிறந்த முறை, கடல் பல கடந்து, விடுதலை பெற்ற அடிமைகளின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தது! ஆனால் கிறிஸ்தோப் மறைந்ததும் அப்பள்ளிகள் நலிந்தன.

ஹைட்டியில் அனைவரும் பேசும் மொழி கிரியோல். பள்ளியிலும் நீதிமன்றத்திலும் ஆண்டதோ சிறுபான்மையினரே அறிந்த பிரெஞ்சு. 1979-இல்தான் கிரியோல் வகுப்பறைக்குள் நுழைய இசைவு பெற்றது, 1987-இல் ஆட்சிமொழியாயிற்று. பள்ளிகளில் மிகப் பெரும்பான்மை தனியாருடையவை, கட்டணம் பெறுபவை. எழுத்தறிந்த பெரியோர் பத்தில் ஆறுபேர் அளவே. கிழக்கிலோ நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் எழுத்தறிந்தவர்.

கிழக்கில் நிகழ்ந்த ஓர் இயக்கத்தை நீங்கள் அறிதல் நலம். நாட்டு உற்பத்தியில் நூற்றுக்கு 4 பங்கைக் கல்விக்கு ஒதுக்கவேண்டும் என்று 1997-இலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் எந்த அரசும் அதனைச் செயற்படுத்தவில்லை. 2010-இல் பெற்றோரும் ஆசிரியரும் இளைஞரும் மஞ்சள் குடை பிடித்துத் தெருவில் இறங்கினர். குடை பிடித்தார்களேயன்றிக் கல் எறியவில்லை. தேர்தலில் நின்றவர்களை எல்லாம் கையொப்பமிடச் செய்தனர். 2013-ஆம் ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தில் அந்த 4 பங்கு இடம்பெற்றது. புதிய வகுப்பறைகள் எழுந்தன. முழுநாட் பள்ளியும் மதிய உணவும் வந்தன. எனினும் 2018-இல் நடந்த பன்னாட்டு மாணவர் தேர்வில் கணக்கிலும் அறிவியலிலும் அந்நாடு கடைசி இடத்திலேயே இருந்தது. பணம் பள்ளியைக் கட்டும். பாடத்தை ஆசிரியர்தாம் கட்டவேண்டும். கழகத்தின் ஆசிரியர்கள் இதனைப் பொறுத்தருள வேண்டும். நானும் உங்களில் ஒருவனே.

முடிவுரை

இவ்வொப்பீட்டால் நாம் அறியத்தக்கன மூன்று. ஒன்று, நிலம் மனிதனின் வாழ்வை வரம்பிடும். ஆனால் முடிவு செய்யாது. இரண்டு, வறுமைக்கு வரலாறு உண்டு. அதற்குக் கணக்குப் புத்தகமும் உண்டு. அப்புத்தகத்தைப் படிக்கத் தெரியாதவனிடம் "உன் வறுமைக்கு நீயே காரணம்" என்று சொல்வது எளிது. மூன்று, விடுதலையைப் பெறுவதோடு வேலை முடிவதில்லை. பள்ளி, நீதிமன்றம், தேர்தல், கூட்டுறவு ஆகிய நிறுவனங்களைக் கட்டி, அவற்றை ஆள்மாறினும் அழியாமற் காத்தால்தான் விடுதலை நிலைக்கும். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு கல்விக் கழகம் கணக்குத் தவறாமல், கதவு அடையாமல் நடந்தது என்பது அதனால்தான் பெருஞ்செய்தி.

அண்டை நாடுகள் இரண்டும் என்றும் பகையாகவே இருந்தன என்றும் எண்ணவேண்டா. 2010 நிலநடுக்கத்தின்போது முதலில் உதவிக்கு விரைந்தவர்களுள் டொமினிக்கன் மக்கள் முன்னின்றனர். பின்னர் அந்நாடு ஹைட்டியின் லிமோனாத் ஊரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தைக் கட்டி, 2012-இல் கொடையாக அளித்தது. அவ்வளாகத்துக்கு இட்ட பெயர், பள்ளிகள் திறந்த அம்மன்னர் கிறிஸ்தோப்பின் பெயரே. 2023-இல் ஓர் எல்லையாற்றில் ஹைட்டி உழவர் கால்வாய் வெட்டியதற்காக எல்லையை மூடியதும் அதே நாடுதான். இரண்டும் உண்மை. எது வளர வேண்டும் என்பது அம்மக்களின் கையில் இருக்கிறது.

என் மாணவன் இன்று இம்மண்டபத்தில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறான். தம்பி, உன் கேள்விக்கு விடை தர ஓராண்டு ஆகிவிட்டது, பொறுத்துக்கொள். மேற்கே இருப்பவர்கள் உழைத்தார்கள். உலகமே இனிப்புண்ணும்படி உழைத்தார்கள். அவர்கள் உழைப்பு எங்கே சென்றது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி. இனி எந்த ஊரைப் பற்றி, எந்தத் தெருவைப் பற்றி எவர் பேசினாலும், நீ அந்தக் கேள்வியையே முதலில் கேள்.